டிரையல் ரூமில் ஓர் உருளைக்கிழங்கு

தையற்காரர் தன் சொந்தக் கடையின் டிரையல் ரூமுக்குள், வாயில் ஒரு முழு உருளைக்கிழங்கோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெளியே அவர் மனைவியின் குரல் கேட்டது.

"எங்க உங்க முதலாளி?"

"உள்ளதான் அக்கா இருக்காரு" என்றார் காஜாக்காரர்.

பட்டனுக்கு ஓட்டை வெட்டி ஓரம் கட்டுகிற வேலைக்குக் காஜா என்று பேர். கடை திறந்த நாளிலிருந்து அதையே செய்துவந்ததில் மனிதருக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"உள்ள கஸ்டமர் யாராவது இருக்காங்களா?"

"இல்லக்கா. முதலாளி மட்டும்தான்."

"அவருக்கு எதுக்கு டிரையல் ரூமு?"

காஜாக்காரர் நூலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். சங்கடமான கேள்வி வந்தால் அதுதான் அவர் வழக்கம். பல்லில் நூல் இருக்கிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

திரை கட்டிய அந்தப் பலகைக் கூண்டுக்குள் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் கன்னம் புடைத்த ஒரு திருடன், கையில் பச்சை மூடி டப்பாவோடு தையற்காரரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் வர ஒரே விழுங்காக விழுங்கினார்.

"என்னங்க! உள்ள என்ன பண்றீங்க?"

"பேன்ட்டு... பேன்ட்டு போட்டுப் பாக்கறேம்மா."

"யாரு பேன்ட்டு?"

"என்னோடதுதான். இடுப்பு லூசாயிடுச்சு. கொஞ்சம் பிடிக்கலாம்னு..."

பொய் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டதோ என்று அவர் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"லூசாயிடுச்சா?" என்றாள் மனைவி. புதிதாகக் குழந்தை பிறந்த சேதி கேட்ட குரல். "நெஜமாவா? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

இல்லை, ஆரம்பம் அதற்கும் முன்னால். மருத்துவமனையில் ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது. உள்ள விடறதும் விடாததும் உங்க கையிலதான்" என்று சொன்னார். தையற்காரர் அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். விட்டால் ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விடுவார் என்பதுபோல.

அடுத்த வாரமே அவள் சுகாதார நிலையத்து நர்சம்மா நடத்தும் ஆரோக்கிய உணவு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்குப் பாதி நாள் வேலை. மீதிப் பாதி நாளையும் இந்த வகுப்புக்கே எழுதி வைத்தவள்போல் ஆனாள். முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அறிவிப்பு வெளியானது.

"இனிமே இந்த வீட்டுல மாவுச்சத்து கிடையாது."

மாவுச்சத்து என்ற சொல்லை அவள், ஜாமீனில் வெளிவந்த யாரோ ஒரு குற்றவாளியின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாவுச்சத்துன்னா?"

"சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி, நூடுல்ஸ்."

"அப்போ மாவுச்சத்துன்னு சொல்லாத. சாப்பாடுன்னு சொல்லு. அதைத்தான் நிறுத்திட்ட."

"கடைப் பார்சலும் கிடையாது. பார்சல்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல கேட்கக் கூடாது."

அன்றிலிருந்து அவர் தட்டில் வெள்ளரிக்காய் வந்து உட்கார்ந்தது. காலையில் வட்டமாக வந்தது. மத்தியானம் நீளமாகச் சாப்பாட்டு டப்பாவில் வந்தது. சாயங்காலம் துருவலாக வந்தது. கூடவே உப்பில்லாமல் வெந்த முட்டைக்கோஸ். அதைப் பார்த்தால் துவைத்துப் பிழிந்து காயப்போட மறந்த துணி மாதிரி இருக்கும்.

நாலாம் நாள், அவர் கால்கள் அவரைக் கேட்காமலே தெருக்கோடிப் பார்சல்கடைக்குப் போயின. அந்தக் கடையை நடத்துகிற பெண்மணி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் இவர் தைத்ததுதான்.

"என்னண்ணே, ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

"தங்கச்சி, மெதுவாப் பேசு. உனக்குப் புண்ணியமாப் போகும். தினம் மத்தியானம் எனக்கு ஒரு பார்சல். யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா உங்க அண்ணிக்கு."

அந்தப் பெண் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். "சரிண்ணே. நாளையிலேர்ந்து அனுப்பறேன். உங்களுக்குன்னு தனி டப்பா. சாப்பிட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க. கடையில காகிதப் பொட்டலம் கெடந்தா மாட்டிப்பீங்க."

என்ன முன்யோசனை! தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் காகிதப் பெட்டி. அவருக்கு மட்டும் பச்சை மூடி போட்ட அழகான டப்பா. வாழ்க்கையில் அவருக்கு யாரும் இப்படித் தனி மரியாதை செய்ததில்லை.

மனைவி கொடுத்தனுப்பிய வெள்ளரிக்காய் டப்பா காஜாக்காரருக்குப் போயிற்று.

"அண்ணே, நான் ஏற்கெனவே ஊசி மாதிரி இருக்கேன். இதையும் தின்னா நூலாயிடுவேன்" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"நண்பன்னா கஷ்டத்துல பங்கெடுத்துக்கணும்."

"உருளைக்கிழங்குல பங்கு கேட்டா மட்டும் நான் நண்பன் இல்லையா?"

தையற்காரர் டப்பாவோடு உள்ளே போனார். திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்படி வாரங்கள் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அன்று மனைவி கடைக்கு வந்ததும், இடுப்பு லூசு என்று வாய் தவறி அவர் சொன்னதும் நடந்தது.

சொன்ன பிறகு லூசான பேன்ட் ஒன்று வேண்டுமே! சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் இடுப்பில் விரல் விட்டுப் பார்ப்பாள். அன்று பிற்பகல் முழுக்க வாடிக்கையாளர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் பேன்ட்டின் பின்தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்து அரை இஞ்ச் தளர்த்தித் தைத்தார். தளர்த்தாமல் விட்டால் போட்டுக்கொள்ளவே முடியாதோ என்று அவருக்குப் பயம். தினமும் பார்சல் தின்கிறவன் இடுப்பு எந்த நிலையில் இருக்கும் என்று டேப் வைத்துப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. ஊரார் இடுப்பையெல்லாம் பார்வையிலேயே அளந்துவிடுகிறவர், தன் இடுப்பு என்றால் மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது காஜாக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, பிரிச்சது அரை இஞ்சு. லூசா இருக்கறது அதுக்கு மேல. கணக்கு இடிக்குதே."

"துணி இளகியிருக்கும்யா."

"இந்தத் துணி இளகாதுண்ணே. இதுல பத்து பேன்ட்டு தச்சிருக்கோம்."

"நீ காஜாவைப் பாரு."

வீட்டில் மனைவி எதிர்பார்த்தபடியே இடுப்பில் விரல் விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் இல்லை, மூன்று விரல் போயிற்று. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது தையற்காரருக்கு நெஞ்சில் ஊசி குத்தியது. 'பாவம், நம்பறாளே.'

"எல்லாம் உன் வெள்ளரிக்காய்தான்" என்றார், அந்தக் குற்ற உணர்ச்சியில்.

அந்த ஒரு வாக்கியம் மறுநாள் காலைக்குள் மாடிப்படி ஏறிவிட்டது. மேல்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் குடியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தே காலம் கழித்ததில் நாற்காலியின் உருவமே அவருக்கு வந்துவிட்டது. அவர் மனைவி அன்றைக்கே அவருக்கும் வெள்ளரிக்காய் வெட்ட ஆரம்பித்தாள். அவள் மூலம் வகுப்புக்கு வருகிற மற்ற வீடுகளுக்கும் அது பரவியது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேனேஜர் கடைக்கு வந்தார். கையில் பேன்ட் எதுவும் இல்லை.

"யோவ் டெய்லர். உனக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"என்ன சார், உக்காருங்க."

"உக்கார்ற தெம்பு இல்லய்யா. கண்ணை மூடினா உருளைக்கிழங்கு வந்து நிக்குது. நீ இளைச்சா உன்னோட வச்சிக்கோ. அதை ஏன்யா ஊருக்குச் சொல்ற?" என்றவர் திடீரென்று மூக்கை உயர்த்தினார். லோன் கேட்டு வந்தவர்களின் பொய்யை மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு. "என்ன வாசனை இது?"

"அயர்ன் பண்ற வாசனை சார்."

"அயர்ன் பண்ணா வெங்காயம் மணக்குமா?"

அவர் நேராகப் போய்த் திரையை விலக்கினார். ஸ்டூலின்மேல் பச்சை மூடி டப்பா ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து இரண்டு டப்பா வேண்டியிருந்தது. தையற்காரர் போன் செய்தபோது பார்சல்கடைப் பெண் தயங்கினார்.

"ரெண்டா? இருங்கண்ணே, கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும்? கடை உன்னோடதுதானே?"

"ம்... சமையல் பண்றவங்களைக் கேக்கணும்ல?"

கேட்டுவிட்டுச் சரி என்றார். வந்த இரண்டாவது டப்பாவுக்கு மூடி சிவப்பாக இருந்தது. தனக்குத்தான் பச்சை என்பதில் தையற்காரருக்கு ஒரு பெருமை.

ஆனால் ஒரு டிரையல் ரூமுக்குள் ஒரு தையற்காரரும் ஒரு மேனேஜரும் இரண்டு டப்பாவும் இருந்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. கல்யாணத்துக்குக் கோட் தைக்கக் கொடுத்த மாப்பிள்ளை ஒருவர் போட்டுப் பார்க்க வந்தார். திரைக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார், முழங்கை இடிக்குது", "நீ அந்தப் பெரிய துண்டை எடுத்தியா, அது என்னோடது" என்றெல்லாம் பேச்சு கேட்டது. மாப்பிள்ளை காஜாக்காரரைப் பார்த்தார். காஜாக்காரர் நூலைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் உதட்டைத் துடைத்தபடி வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைப் போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உணவு விஷயத்தில் மேனேஜர் ஒரு நிபுணர்போலப் பேசினார்.

"உருளைக்கிழங்குக்குத் தோல் உரிக்கல, கவனிச்சியா? இதுதான் இப்பப் பெரிய ஓட்டல் ஸ்டைலு."

"கோழியை எண்ணெயில போடாம தணல்ல வாட்டியிருக்காங்க சார். எவ்வளவு மெனக்கெடல் பாருங்க."

"சோறுகூடப் பழுப்பா, ஒரு கைப்பிடிதான் வைக்கறாங்க. பெரிய இடத்துல எல்லாம் கொஞ்சமாத்தான் வைப்பாங்க. டப்பாவுல பாதிக்குக் கீரையும் பீன்ஸும் போட்டு அடைக்கறாங்களே, அதுதான் என்னன்னு புரியல."

"அலங்காரத்துக்கு சார்."

"அப்போ அலங்காரத்தையும் சாப்பிட்டுடுவோம்."

சொல்லப்போனால் தையற்காரர் இந்த ருசிக்கு மெல்ல மெல்ல அடிமையாகிக்கொண்டிருந்தார். ஒருநாள் வீட்டில் முட்டைக்கோசோடு போராடிக்கொண்டிருக்கையில் அவரையறியாமல் ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"சில பேர் கைக்குத்தான் அந்தப் பக்குவம் வருது."

"யாரு கைக்கு?" என்றாள் மனைவி.

"அது... நம்ம காஜாக்காரன் சொன்னான். தெருக்கோடி பார்சல்கடையில உருளைக்கிழங்கு வறுவல் அமிர்தமா இருக்குதாம். அந்த மாதிரி யாருமே செய்ய முடியாதாம்."

வெடிக்கப் போகிறது என்று தையற்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஆனால் அவள் கோபப்படவில்லை. சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இன்னும் நாலு துண்டு வெள்ளரிக்காய் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். அவள் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"சூடு பட்டுடுச்சு."

"வெள்ளரிக்காய்க்கு எதுக்கு அடுப்பு?"

"டீ போட்டேன். பேசாம சாப்பிடுங்க."

இதற்கிடையில் பேன்ட் விவகாரம் முற்றிக்கொண்டே போயிற்று. வாரம் ஒருமுறை மனைவி இடுப்பில் விரல் விட்டுப் பார்ப்பாள். அதற்காக வாரம் ஒருமுறை அவர் தையலைப் பிரித்துத் தளர்த்துவார். கடைசியில் உள்ளே பிரிக்கத் துணியே இல்லாமல் போய், பக்கவாட்டில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார். அப்போதும் பேன்ட், அவர் கணக்குப் போட்டதைவிட அதிகமாகவே தொளதொளத்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டிவந்தது.

"அண்ணே, நெஜமாவே சொல்றேன், டேப்பை எடுத்து ஒரு தடவை அளந்து பாருங்க" என்றார் காஜாக்காரர்.

"வேண்டாம்யா. பாத்தா நெஞ்சு நின்னுடும்."

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. மனைவி கடைக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"என்னங்க, நர்சம்மா ஒரு விழா வைக்கறாங்க. நூலகத்து மாடியில. வகுப்புக்கு வந்தவங்க வீட்டுல யார் நல்லா இளைச்சிருக்காங்களோ அவங்களை மேடையில ஏத்தி எல்லார் முன்னாடியும் எடை பார்ப்பாங்களாம். நான் உங்க பேரைக் குடுத்துட்டேன்."

டிரையல் ரூமுக்குள் மேனேஜருக்குப் புரையேறியது.

"யாரு உள்ள?"

"கஸ்டமர்மா. காலர் இறுக்கம்" என்றார் தையற்காரர். அவர் காலரும் இறுகிக்கொண்டுதான் இருந்தது. "எனக்கு எதுக்கும்மா மேடையெல்லாம்? கூச்சமா இருக்கும்."

"நான் எவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா? அங்க ஒருத்தி கேக்கறா, 'உங்க வீட்டுக்காரர்தான் டெய்லராச்சே, பேன்ட்டைப் பெரிசாத் தச்சுப் போட்டுக்கிட்டு இளைச்சேன்னு சொல்றாரோ'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் அப்படிச் செய்யற ஆள் இல்லன்னு எழுந்து நின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் கண் பளபளத்தது. தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேசைமேல் கிடந்த ஒட்டுத்துணி அவரைப் பார்த்துச் சிரித்தது.

தப்பிக்க அவர் பார்க்காத வழியில்லை. காலில் சுளுக்கு என்றார்.

"எடை மெஷின்ல நிக்கத்தானே போறீங்க, ஓடவா போறீங்க?" என்றாள்.

தலைசுற்றல் என்றார். "நர்சம்மா பக்கத்துலயே இருப்பாங்க, நல்லதாப் போச்சு" என்றாள்.

கடைசியாக, மிஞ்சியிருக்கிற நாட்களாவது பட்டினி கிடக்கலாம் என்று முடிவு செய்து, பார்சல்கடைக்கே போய்ப் பச்சை மூடி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, இனிமே வேண்டாம்."

அந்தப் பெண் பதறிப்போனார். "ஐயோ, ஏண்ணே? உப்பு கூடிடுச்சா? நேத்து கிழங்கு சரியா வேகலையா?"

"அதெல்லாம் தேவாமிர்தம். அதான் பிரச்சினையே."

"நீங்க சாப்பிடலைன்னா மனசு கஷ்டப்படும்ணே. யோசிச்சு யோசிச்சு செய்யறது. இந்தாங்க, இன்னைக்குள்ளது ரெடியா இருக்கு. சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

ஒரு கடைக்காரப் பெண் தன் வாடிக்கையாளரிடம் இத்தனை பாசம் வைத்திருந்தால் எப்படித் தட்டுவது? தட்டவில்லை. விழாவன்று மத்தியானம்கூடத் தட்டவில்லை.

காஜாக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். எடை பார்க்கும்போது போட்டுக்கொள்ளக் கனமில்லாத பேன்ட் வேண்டும். கோட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியிலேயே ஒரு பேன்ட் தைத்துவிட்டால் என்ன? பழைய அளவுக்கே தைத்தார்கள். அது காற்று மாதிரி இருந்தது. போட்டிருக்கிறோமா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ட்கூட எடைதானே என்று அதையும் கழற்றி வைத்தாயிற்று.

நூலகத்து மாடிக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மனைவிமார்கள். பின்வரிசைகளில் கணவன்மார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆயுள் தண்டனைக் கைதிகளைப்போல் உட்கார்ந்திருந்தார்கள். தையற்காரர் மேடையேறியபோது அவர்கள் அவரை வெறுப்போடு பார்த்தார்கள். இவனால்தானே எல்லாம்!

நர்சம்மா எடை மெஷினைக் காட்டினார். "ஏறுங்க. ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"பழக்கம்."

"கையைத் தொங்கவிட்டு நேரா நில்லுங்க."

"நேரா நிக்கிறேன். கை மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

"எடை தப்பாக் காட்டும். கையை விடுங்க."

விட்டார். லைனிங் பேன்ட் ஒரு பெருமூச்சு மாதிரி வழுக்கிக்கொண்டு கணுக்காலில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, உள்ளே முழங்கால்வரை நீண்ட உள்ளாடை இருந்தது. கூடம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எல்லோரும் பார்த்தது பேன்ட்டை இல்லை, அவரைத்தான். பழைய தொப்பையைக் காணோம். நர்சம்மா குனிந்து மெஷினையும் கையிலிருந்த டாக்டரின் பழைய சீட்டையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பதினோரு கிலோ குறைஞ்சிருக்கார்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தையற்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் குனிந்து, பேன்ட்டை இழுக்க மறந்து, மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்சல் தின்று பதினோரு கிலோவா? மெஷின் கெட்டுப்போயிருக்குமோ?

"போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் நேத்து வந்துடுச்சு. சர்க்கரை செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சுன்னு டாக்டர் சொல்லச் சொன்னார்" என்று நர்சம்மா ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார். "எப்படிக் குறைச்சீங்க? நீங்களே சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும். வெள்ளரிக்காய் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். முன்வரிசையில் மனைவி முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக அந்த ஒட்டிய கன்னங்கள். இவர் வெள்ளரிக்காய் என்று சொன்னால் அத்தனை பேருக்கும் ஆயுசுக்கும் வெள்ளரிக்காய்தான். அதைவிட, 'அவர் அப்படிச் செய்யற ஆள் இல்ல' என்று எழுந்து நின்று சொன்னவள் முன்னால் இன்னொரு பொய்யா?

"நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்றார். "என் மனைவி குடுத்த வெள்ளரிக்காயை நான் ஒருநாளும் தின்னதில்ல. எல்லாம் என் கடை காஜாக்காரன்தான் தின்னான். பாருங்க, எப்படி ஆயிட்டான்."

வாசலோரம் நின்ற காஜாக்காரர், பக்கவாட்டில் திரும்பினால் தெரியாத அளவுக்கு இருந்தார்.

"நான் தினமும் டிரையல் ரூமுக்குள்ள பார்சல் தின்னேன். சோறு, கோழி, உருளைக்கிழங்கு. தெருக்கோடிப் பார்சல்கடைச் சாப்பாடு. என்னை மன்னிச்சிடும்மா. ஆனா சொல்லாம இருக்க முடியல. கல்யாணமாகி இத்தனை வருஷம் வீட்டுல சாப்பிட்டிருக்கேன், அந்தத் தங்கச்சி கைப்பக்குவம் மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல!"

முன்வரிசையில் அத்தனை தலைகளும் அவர் மனைவி பக்கம் திரும்பின.

"நானும்!" என்று பின்வரிசையில் மேனேஜர் எழுந்து நின்றார். "எனக்குச் சிவப்பு மூடி!" அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

நர்சம்மா மட்டும் நிதானமாக இருந்தார். "உருளைக்கிழங்கு எண்ணெயில முங்கப் பொரிச்சதா?"

"இல்ல. தோலோட, பெரிய துண்டா, சும்மா எண்ணெய் தடவிச் சுட்டது."

"சோறு எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி. பழுப்பா இருக்கும். டப்பாவுல பாதிக்குக் கீரை, பீன்ஸ்னு அலங்காரம்."

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைத்தானே நான் முதல் வகுப்பிலேயே சொன்னேன்! மாவுச்சத்தை யாரும் நிறுத்த வேண்டாம், அளவா, தோலோட, தவிடோட சாப்பிடுங்க, பார்சல் வாங்கினாக்கூடப் பொரிச்சதை விட்டுட்டுச் சுட்டதா வாங்குங்கன்னு. வெள்ளரிக்காய் மட்டும் குடுங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? உங்க வீட்டம்மாதான் முதல் வரிசையில உக்காந்து ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டாங்களே?"

தையற்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழுகிறாளே என்று அவர் ஒரு கையால் பேன்ட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக, விழாவுக்குப் பழத்தட்டு கொடுக்க வந்த பார்சல்கடைப் பெண் உள்ளே நுழைந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, தோளில் தொங்கிய பையோடு நேராக முன்வரிசைக்கு வந்தார். பைக்குள்ளிருந்து பச்சை மூடிகளும் சிவப்பு மூடிகளும் எட்டிப் பார்த்தன.

"அண்ணி, உங்க டப்பாவெல்லாம் கழுவிக் கொண்டாந்துட்டேன், நாளையிலேர்ந்து நீங்க சமைக்கறதை அண்ணனுக்கு வீட்டுலயே போடப் போறீங்களா, இல்ல திருடித் தின்னாத்தான் அவருக்கு ருசிக்கும்னு எப்பவும்போல என் கடை வழியாவே குடுத்து விடறீங்களா?"